நோயை எண்ணும் முறையும் நம் கரையோரப் பட்டினங்களும்

தடுக்கத்தக்க நோய்கள் எவை என்பதை இன்று பள்ளிச் சிறாரும் அறிவர். ஆயின் ஒரு பட்டினத்தில் அந்நோய்கள் எவ்வளவு உள்ளன என்னும் வினாவுக்கு விடை கூறுதல் எளிதன்று. ‘நம்மூரிலே இப்போது சீனி வருத்தம் இல்லாத வீடில்லை’ என்பர் சிலர். ‘இந்த மாரிக்கு டெங்கு அவ்வளவு இல்லை’ என்பர் வேறு சிலர். இவை கடைத்தெருப் பேச்சாக நின்றுவிடின் குற்றமில்லை. ஆனால் மருந்தும், வைத்தியரும், கட்டிலும், நிதியும் பங்கிடப்படுவது எண்களைக் கொண்டே. எண்ணப்படாத ஊர் அப்பங்கீட்டிலே பின்னிற்கும். ஆதலின் நோயின் அளவு எவ்வாறு கணிக்கப்படுகின்றது, அக்கணிப்பு எங்கெங்கே வழுவுகின்றது என்பதைப் பெரிய நீலாவணை தொடங்கிப் பொத்துவில் வரையுள்ள நம் கரையோரத்தை முன்வைத்து விளக்கப் புகுகின்றோம். நாம் மருத்துவம் கற்றவரல்லோம், தமிழ் கற்பிப்போர். எனினும் இவ்விடயத்தில் மொழிக்கும் ஓர் இடமுண்டென்பது பின்னர்ப் புலனாகும்.

முதலிற் கருதவேண்டியது, நோயாளரின் தொகை மட்டும் எதனையும் உணர்த்தாது என்பதாகும். எத்தனை பேருள் இத்தனை பேர் என்று கூறினாலன்றி அத்தொகைக்குப் பொருளில்லை. 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே வாந்திபேதி பரவியபோது யோன் சினோ என்னும் வைத்தியர் இதனை நன்கு காட்டினார். இரு கம்பனிகள் நகரின் ஒரே பகுதிகளுக்குக் குடிநீர் வழங்கின. ஒன்று ஆற்றின் அழுக்குப் படிந்த பகுதியிலிருந்து நீர் எடுத்தது. மற்றையது மேற்புறத்துத் தூய நீரை எடுத்தது. சினோ இறந்தோரை எண்ணியதோடு நில்லாது, ஒவ்வொரு கம்பனியின் நீரைப் பெற்ற வீடுகளையும் எண்ணினார். பத்தாயிரம் வீடுகளுக்கு முன்னையதில் 315 மரணங்கள், பின்னையதில் 37. கிருமி இன்னதென்று உலகம் உணர்ந்துகொள்ளுமுன்னரே நீரின் மீது குற்றத்தை நிலைநாட்டியது இவ்வகுத்தற் கணக்கேயாம்.

இதனை நம் மாவட்டத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகத்தைப் பிரித்து 1961இல் அம்பாறை மாவட்டம் அமைக்கப்பட்டது. உள்நாட்டிலே கல்லோயாத் திட்டத்தின் பரந்த குடியேற்றங்கள். கரையிலே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும் ஊர்கள். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி மாவட்டத்தில் ஏறக்குறைய ஆறரை இலட்சம் மக்கள். அவருள் ஒரு இலட்சம் அளவினர் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையிலே கல்முனை மாநகர எல்லைக்குள் வாழ்கின்றனர். ஓராண்டில் 300 பேருக்கு டெங்கு கண்டதென்றும், அவரனைவரும் கல்முனை நகரத்தவரே என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நகரத்தைக் கொண்டு வகுத்தால் இலட்சத்திற்கு 300. மாவட்டத்தைக் கொண்டு வகுத்தால் இலட்சத்திற்கு 46. நோயாளர் அவரே, நோயும் அதுவே. கீழே வைத்த எண் மாறியதும் ஆபத்து மறைந்துவிடுகின்றது. சராசரி என்பது இவ்வாறு சிலரது துன்பத்தைப் பலர்மீதும் மெல்லிதாகப் பூசிவிடும் தன்மையது.

இக்குறையை நீக்கும் ஏற்பாடொன்று நடைமுறையில் உள்ளது. நம்மூரவர் பலர் அதனைக் கவனித்திலர். கொழும்பிலுள்ள தொற்றுநோயியற் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அறிக்கையில் இலங்கையின் மாவட்டங்கள் நிரல்படுத்தப்பட்டிருக்கும். மாவட்டங்கள் 25, அவ்வட்டவணையிலோ 26 வரிசைகள். மிகுதியான அந்த ஒரு வரிசை கல்முனை. சுகாதார நிருவாகத்திலே கல்முனைக்குப் பிராந்தியப் பணிப்பாளர் ஒருவர் தனியே இருப்பதால் அம்பாறை வேறாகவும் கல்முனை வேறாகவும் எண்ணப்படுகின்றன. நிருவாக எல்லைகளைப் பற்றி நம்மிடையே எத்தனையோ வாதங்கள் உண்டு. அவற்றுள் நாம் புகவில்லை. நோயை எண்ணும் அளவிலாயினும் இக்கரையோரம் தன் பெயரோடு நிற்கின்றது என்பதைக் குறித்துக்கொள்கின்றோம்.

கீழே வைக்கும் எண்ணும் எப்போதும் நம்பத்தக்கதன்று. 1981க்குப் பின் இருபது ஆண்டுகள் இலங்கையிற் குடிசன மதிப்பு எடுக்கப்படவில்லை. 2001இல் எடுக்கப்பட்டபோது அம்பாறையில் நிறைவேறிற்று. அயலிலுள்ள மட்டக்களப்பிலோ முழுமை பெறவில்லை. மூன்றே ஆண்டுகளில், 2004 டிசெம்பர் 26ஆம் நாள், ஆழிப்பேரலை வந்தது. இலங்கையிலே மிகுந்த உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அம்பாறையே. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடற்கரை வீதிகளில் இருந்தோர் உட்புறம் பெயர்ந்தனர். அதன்பின் பல ஆண்டுகளாக, இன்ன வட்டாரத்தில் இத்தனை பேர் என்று ஏட்டிற் கண்ட தொகையும் உண்மையிற் குடியிருந்தோர் தொகையும் ஒத்திருக்குமென எதிர்பார்ப்பதற்கில்லை. முழு நாட்டையும் தழுவிய மதிப்பு 2012இலேயே கிட்டியது. அடுத்தது 2024இல் நடைபெற்றது. தடுப்பூசி பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு நூற்றிரண்டு என்று ஓர் அட்டவணையிற் கண்டு நகைப்போர் உளர். ஊசி மிகையாகப் போடப்படவில்லை. குழந்தைகளின் தொகையைக் குறைத்து மதித்ததன் பயன் அது.

இனி மேலே வைக்கும் எண் எங்கிருந்து வருகின்றது எனப் பார்ப்போம். 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குறித்த சில நோய்களைக் காணும் வைத்தியர் அதனை அறிவித்தல் வேண்டும். வைத்தியசாலையிலே 544ஆம் இலக்கப் படிவம் நிரப்பப்பட்டு, நோயாளி வாழும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பப்படுகின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடிச் சென்று விசாரித்து நோயை உறுதிசெய்கின்றார். வாரமுடிவில் அவை தொகுக்கப்பட்டுக் கொழும்புக்குப் போகின்றன. 1926இல் களுத்துறையிலே முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து கட்டியெழுப்பப்பட்ட இந்த அமைப்பைத் தென்னாசியாவின் பிற நாடுகள் வியந்து நோக்குவதுண்டு. ஆயினும் இவ்வலையில் எல்லா மீனும் படுவதில்லை. காய்ச்சலுக்குத் தனியார் மருந்தகத்தில் மாத்திரை வாங்கி விழுங்குவோனும், செங்கண்மாரிக்குப் பரிகாரியிடம் மருந்து குடிப்போனும் படிவத்தில் ஏறுவதில்லை. படிவத்தின் எண் ஏறினால் நோய் பெருகிற்று என்றும் கொள்ளலாம். படிவம் நிரப்புவோர் ஊக்கம் பெற்றனர் என்றும் கொள்ளலாம்.

இவ்விடத்தில் இருவகை அளவைகளை வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. ஒரு குளத்தை நினைத்துக்கொள்க. வாய்க்கால் வழியாக நீர் வருகின்றது. மதகு வழியாக நீர் போகின்றது. இன்ன நாளிற் குளத்தில் எவ்வளவு நீர் நிற்கின்றது என்பது ஒரு கேள்வி. ஓராண்டில் எவ்வளவு நீர் புதிதாக வந்தது என்பது வேறு கேள்வி. நோய்க்கும் இவ்வாறே, உள்ள நோயாளர் வீதம் ஒன்று, புதிய நோயாளர் வீதம் மற்றொன்று. மதகை அகலத் திறந்தால், வரத்துச் சற்றும் குறையாதபோதும் குளம் வற்றும்.

தொழுநோயின் வரலாறு இதற்குத் தக்க சான்று. மட்டக்களப்பு வாவியின் மாந்தீவிலே தொழுநோயாளருக்கென வைத்தியசாலை இருந்ததைக் கிழக்கிலங்கையில் அறியாதார் இலர். பழைய மருத்துவத்தில் நோயாளி பல ஆண்டுகள், சில வேளை வாழ்நாள் முழுவதும், பதிவேட்டில் இருப்பார். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அது வகைக்கேற்ப ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ முடிந்துவிடும். ஆண்டுக்கு 100 பேர் புதிதாக நோயுறும் ஓரிடத்தில் சிகிச்சை ஐந்தாண்டு நீடித்தால் ஏட்டில் 500 பேர் இருப்பர். ஓராண்டானால் 100 பேர். ஆறு மாதமானால் 50 பேர். பத்தாயிரவருக்கு ஒருவருக்குக் கீழ் என்னும் எல்லையை இலங்கை 1995இலும் இந்தியா 2005இலும் எட்டியதாக அறிவித்தன. பொய்யன்று, பெருஞ்சாதனையே. ஆனால் அதன் பின்னரும் இந்தியாவில் ஆண்டுதோறும் இலட்சத்துக்கு மேற்பட்டோர் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டு வந்தனர். இலங்கையிலும் ஆயிரத்துக்குக் குறையாது கண்டனர். மதகு திறந்தது, வாய்க்கால் அடைபடவில்லை. ‘ஒழிந்தது’ என்ற சொல்லைப் பத்திரிகைகள் எழுதியபோது, தோலிலே உணர்வற்ற தழும்பு கண்ட பலர் அது தொழுநோயாயிருக்குமோ என ஐயுறவும் மறந்தனர் என்பதே நம் கருத்து. மலேரியாவின் கதை வேறு. 2012க்குப் பின் இலங்கை மண்ணிற் பிறந்த மலேரியா எதுவும் காணப்படாமையால் 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அங்கே வாய்க்காலே அடைபட்டது. எனினும் 1963இலும் நோயாளர் 17 பேரே என்னுமளவுக்கு மலேரியா அடங்கி, 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேலாகப் பெருகியதை மறத்தலாகாது. டி.டி.ரி. தெளிப்பும் விழிப்பும் தளர்ந்தமை அதற்குரிய காரணங்களுட் சில.

மலேரியாவைப் பற்றிப் பேசுங்கால் மண்ணீரற் கணக்கைக் கூறாது விடுதல் தகாது. இரத்தம் சோதிக்கும் வசதி அரிதாயிருந்த காலத்திலே, இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளை நிறுத்தி, இடப்பக்க விலாவின்கீழ் விரலால் அமுக்கி, மண்ணீரல் வீங்கியோர் நூற்றுக்கு எத்தனை பேர் என எண்ணுவர். நூற்றுக்குப் பத்துக்குட்பட்டால் நோய் அருகிய இடம். ஐம்பதுக்கு மேல் நிலையாக நின்றால் நோய் மண்டிய இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வடஇந்தியாவின் கால்வாய்ப் பாசன ஊர்களில் தொடங்கிய முறை இது. இதிலொரு வியப்பும் உண்டு. 1934-35இல் இலங்கையில் ஏறக்குறைய எண்பதாயிரம் பேரைக் கொன்ற மலேரியா, மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் நிறைந்த உலர்வலயத்தைவிட, அத்தகையோர் அருகிய கேகாலை, குருநாகல் பக்கங்களையே கொடுமையாகத் தாக்கியது. அடிக்கடி நோயுற்றோர் ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தனர். மற்றையோர்க்கு அது இல்லை. அளவை ஒன்றைப் பெற்றபின் அது எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறவில்லை எனச் சிந்திக்கவேண்டிய கடமை எஞ்சியே நிற்கும்.

வைத்தியசாலை வாயிலிற் காத்திருந்து எண்ணுவதன் குறை நீங்க, வீடு வீடாகச் சென்று எண்ணுதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1955 முதல் 1958 வரை காசநோயைக் குறித்து நடத்திய மாதிரி அளவீடு இதற்குப் பெயர்போனது. காசநோய் நெருக்கமான நகரத்தின் நோய் என்றே அதுவரை கருதிவந்தனர். கிராமங்களிலும் அது நகரங்களை ஒத்த அளவில் இருப்பதை அவ்வளவீடு காட்டிற்று. நகரத்தில் வைத்தியசாலை இருந்தமையால் நகரத்து நோய் கண்ணுக்குத் தெரிந்தது; அவ்வளவே. சென்னை மாநகரில் நீரிழிவை அளந்த வரலாறும் அறியத்தக்கது. வளர்ந்தோரில் நூற்றுக்கு 8.3 என்று 1989இலும், 11.6 என்று 1995இலும், 13.5 என்று 2000இலும், 14.3 என்று 2004இலும் கண்டனர். ஒரே நகரத்தைத் திரும்பத் திரும்ப அளந்தமையாலன்றோ பதினைந்து ஆண்டுகளில் நோய் ஏறிய வேகம் தெரிந்தது!

இலங்கையில் 2005-2006இல் ஏறத்தாழ 5000 பேரைத் தெரிந்து நீரிழிவு அளக்கப்பட்டது. இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 பேர், நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.7, நோயுள்ளவருள் மூன்றில் ஒரு பங்கினர்க்குமேல் தமக்கு நோயுண்டென்பதையே அறியாதவர். இவ்வெண்கள் எத்தனையோ நூல்களிலும் உரைகளிலும் ‘இலங்கையின் எண்கள்’ என எடுத்தாளப்பட்டன. ஆனால் அளக்கப்பட்டவை ஒன்பது மாகாணங்களுள் ஏழே. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. 2000ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டிலும் அவ்வாறே விடப்பட்டன. அளக்கச் சென்றோரைக் குறைகூறுதல் முறையன்று. துப்பாக்கியின் நடுவே இரத்தம் எடுக்க இயலாது. எனினும் கல்முனையில் வாழ்வோரின் சீனி நாட்டின் சராசரியிற் சேரவில்லை. அச்சராசரியைக் கொண்டு வகுத்த திட்டங்கள் மட்டும் நம்மிடமும் வந்தன. பின்னாளைய அளவீடுகள் நாடு முழுவதையும் தழுவின. அவையும் நாட்டின் எண்ணைக் கூறுதற்கு அமைந்தவையேயன்றி, ஒரு கரையோரப் பட்டினத்தின் எண்ணைக் கூறுதற்கு அமைந்தவையல்ல.

அவ்வெண்ணைப் பெற எத்தனை பேரைச் சோதித்தல் வேண்டும்? நோய் நூற்றுக்குப் பத்தளவில் இருக்குமென ஊகித்து, விடை மூன்று கூடவோ குறையவோ இருக்கலாமென ஒப்பினால், 384 பேர் போதுமென்பது கணித நூலார் முடிவு. ஊர் ஒரு இலட்சமாயினும் பத்து இலட்சமாயினும் இத்தொகை பெரிதும் மாறாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் வழக்கு. ஆனால் பானை ஒரே தீயில் வெந்ததாதலின் அப்பழமொழி அங்கே செல்லும். ஊர் அவ்வாறு வேவதில்லை. மருதமுனையில் தறியில் அமர்ந்திருப்போன் உடலும், கரைவலை இழுப்போன் உடலும், கந்தோரில் எழுதுவோன் உடலும் ஒன்றல்ல. ஒரு வீட்டார் உண்பது ஒன்றேயாதலின் ஒரு வீட்டில் நால்வரைச் சோதித்தல் நான்கு வீட்டில் ஒவ்வொருவரைச் சோதித்தலுக்கு ஈடாகாது. ஆகவே வட்டாரங்களைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்து, தொகையை இரட்டிப்பாக்கி, ஏறக்குறைய 770 பேரைச் சோதிப்பர். பெரிய கூட்டத்தைக் கூட்டி இலவசப் பரிசோதனை முகாம் நடத்தி ஆயிரம் பேரின் எண்ணைத் தருதல் இதற்கு மாற்றன்று. முகாமுக்கு வருவோர் ஐயமுடையோரும் ஓய்வுடையோருமே.

வீடு தேடிப் போனாலும் வீட்டில் யார் இருப்பர்? பகலிற் கதவைத் தட்டினால் பெண்களும் முதியோரும் இருப்பர். ஆண்கள் வயலிலோ கடையிலோ கடலிலோ இருப்பர். நம் ஊர்களின் இளைஞர் பலர் கத்தாரிலும் சவூதியிலும் உழைக்கின்றனர். அவர் குடிசன மதிப்பின் எந்த மூலையில் நிற்கின்றனர் என்பதையே முதலிற் தீர்மானித்தல் வேண்டும். முஸ்லிம் வீடுகளிற் பெண்களிடம் இரத்தம் எடுக்கப் பெண் ஒருவர் செல்லாவிடின் ‘மறுத்தோர்’ என்ற நிரல் நீளும். நோன்பு மாதத்தில் வெறுவயிற்றுச் சீனியை அளக்கப் புகுவோர்க்கு இன்னுமொரு சிக்கல். காலை எட்டு மணிக்கு வருவோர் நோன்பாளிகள்தாம். ஆயினும் அவர் சஹர் உணவுண்டு மூன்று நான்கு மணி நேரமே ஆயிற்று. சோதனைக்கு வேண்டுவது எட்டு மணி நேரம். ‘வெறுவயிறா?’ என்னும் கேள்விக்கு ‘நோன்பு’ என்ற விடை வந்தால் ஏட்டில் ஆமெனக் குறித்துவிடுவோர், இல்லாத நோயை உண்டென எழுதிவிடக்கூடும்.

இதுவே நாம் முன்னர்க் கூறிய மொழியின் இடம். வினாக்கொத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுந்து பின்னர்த் தமிழாகின்றன. ‘உமக்கு நீரிழிவு நோய் உண்டா?’ என்று கேட்டால் இல்லையென்னும் மூதாட்டி, ‘சீனி வருத்தம் இருக்கா உம்மா?’ என்றால் மருந்துப் பையையே கொண்டுவந்து காட்டுவார். தமிழ்நாட்டிற் செய்த வினாக்கொத்தை இங்கே கொணர்ந்தாலும் இடர்ப்பாடே. அங்கே வருத்தம் என்பது மனத்துயர். இங்கே அது நோய். ‘கடந்த மாதம் வருத்தம் இருந்ததா?’ என்ற ஒரே வினாவுக்குப் பாக்குநீரிணையின் இரு கரையிலும் இரு வேறு விடைகள் கிடைக்கும். சின்னமுத்து, கொப்புளிப்பான், கூவைக்கட்டு, குக்கல், நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி என்னும் பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டு அகராதிப் பெயர்களை மட்டும் வைத்தால் வினாக்கொத்துத் தூய்மையாயிருக்கும், விடை பொய்யாயிருக்கும். நாம் செந்தமிழை விட்டுக்கொடுப்போர் அல்லோம். ஆயினும் நோயாளியிடம் நோயாளியின் சொல்லையே வழங்குதல் வேண்டும்.

டெங்குவைப் பொறுத்தவரை மனிதரை எண்ணுமுன் நுளம்பை எண்ணும் வழியுண்டு. நூறு வீடுகளைச் சோதித்து எத்தனை வீட்டிற் குடம்பிகள் உள்ளன என்பது வீட்டுச் சுட்டெண். அந்நூறு வீட்டிலும் குடம்பியுள்ள பாத்திரங்கள் மொத்தம் எத்தனை என்பது பிரெற்றோ என்னும் பிரெஞ்சுக்காரர் பெயரால் வழங்கும் சுட்டெண். இலங்கையில் 2017ஆம் ஆண்டு ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு மேல் டெங்கு என அறிவிக்கப்பட்டபோது, அவ்வாண்டின் தொடக்கத்திலேயே நம் மாகாணத்துக் கிண்ணியா பெருந்துயர் உற்றது. நெருங்கிய வீடுகள், திறந்த கிணறுகள், நீர் சேர்த்து வைக்கும் தொட்டிகள் ஆகிய இவற்றில் கிண்ணியாவும் கல்முனையும் உடன்பிறப்புக்கள். தென்மேற்கிற்கு மழை வரும் மாதங்களைக் கொண்டு வகுத்த சோதனை நாட்குறிப்பு இங்கே பொருந்தாது. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை பெய்வதால் நம் நுளம்புக் கணக்கும் அதனை ஒட்டியே அமைதல் வேண்டும். சிரட்டையையும் பழைய ரயரையும் தேடுவோர் கிணற்றுக்குள் எட்டிப் பாராது போவதுண்டு. எண்ணப்படும் பாத்திரங்களுள் கிணற்றையும் சேர்த்தல் நம்மூருக்கு வேண்டிய திருத்தமாகும்.

இவை யாவும் செவ்வனே அமைந்தாலும் நம்பிக்கை இன்றேல் எண் வாராது. கொவிட் காலத்தில், 2020 நவம்பர் இறுதியில், அக்கரைப்பற்றுச் சந்தையைச் சூழ்ந்து நோயாளர் கூட்டமாகக் காணப்பட்டனர். கரையோர ஊர்கள் பல முடக்கப்பட்டன. அவ்வேளையில் கொவிட்டால் இறந்தோரைத் தகனஞ் செய்தே தீரவேண்டும் என்னும் விதி நாட்டில் நிலவிற்று. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதற்குத் தடை கூறியிருக்கவில்லை. எனினும் 2020 ஏப்ரல் தொடங்கி 2021 பெப்ரவரி வரை அவ்விதி நீடித்தது. தம் பெற்றோர் எரிக்கப்படுவரோ என்று அஞ்சிய முஸ்லிம் குடும்பங்களில், காய்ச்சல் கண்டோரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லத் தயங்கியோர் இருந்தனர். சோதனைக்கு வாராத நோயாளி எந்த அட்டவணையிலும் இல்லை. ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது 2021 மார்ச்சில். அரசாங்கம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது 2024 யூலையில். அந்த மாதங்களுக்குரிய எண்களை இனி எவராலும் திருத்த இயலாது.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியர் உளர், கணக்காளர் உளர், கிராம உத்தியோகத்தர் உளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் உளர். உயர்தர வகுப்பில் உயிரியலும் கணிதமும் பயில்வோர் ஒவ்வோராண்டும் ஆய்வுக்குப் பொருள் தேடுகின்றனர். பிராந்திய சுகாதாரப் பணிமனையின் அனுமதியோடும் அறநெறிக் குழுவொன்றின் ஒப்புதலோடும் பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் சீட்டுக் குலுக்கித் தெரிந்த 770 பேர் என்பது, வார இறுதி நாட்களில் பதினைந்து இணையர் செல்வாராயின், இரு மாதத்தில் முடியக்கூடிய வேலை. ஒவ்வோர் இணையிலும் ஒரு பெண் இருத்தல் வேண்டும். ஆண்களைக் காண மாலை ஆறு மணிக்குப் பின் இரண்டாம் முறை செல்லுதல் வேண்டும். நோன்பு மாதத்தை விலக்கி நாட்குறித்தல் வேண்டும். வினாக்கொத்தைத் தமிழாக்கும் பணியை நாம் ஏற்றுக்கொள்வோம். அதனை அச்சிடுமுன் நற்பிட்டிமுனையிலே பத்து மூதாட்டியரிடம் வாசித்துக் காட்டி, அவர் விளங்காத சொல்லை அடித்துவிடுவோம்.